கோலம் இல்லாத வாசலும் கடலில் விழுந்த தூசியும்

இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களையும் யாராவது கேட்டிருப்பார்கள்: "கடல்ல எவ்ளோ தூசி விழுதுன்னு பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்னை முதலில் அப்படிக் கேட்டவர், என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. தூசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கள் வீட்டுப் படி இறங்கும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டீர்கள். பம்பை எந்த உயரத்தில் வைப்பது, ஃபில்டரை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், திருத்தணியில், என் அக்கா மகள் ஹேமாவின் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது.

மாப்பிள்ளைகள் கேட்டால் நீங்கள் சொல்வதற்கு ஒரு பதிலை மட்டும் முதலில் தந்துவிடுகிறேன். காற்றில் பறந்து வரும் மண்ணில் இரும்பு இருக்கிறது. கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு அது சாப்பாடு. அந்தப் பாசிதான் மீனுக்குச் சாப்பாடு. ஆக, எங்கோ ஒரு பொட்டல் காட்டில் புழுதி கிளம்பினால் எங்கோ ஒரு மீனுக்கு விருந்து. எவ்வளவு விருந்து என்பதுதான் நம் கேள்வி.

கஷ்டம் என்னவென்றால், கடலில் விழுந்ததைப் பெருக்கி அள்ளி எடை போட முடியாது. காற்றில் எவ்வளவு மிதக்கிறது என்று பார்த்துவிட்டு, இவ்வளவு விழுந்திருக்கும் என்று சொல்கிறோம். மாவு மில்காரரின் மீசை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து, மில் தரையில் எவ்வளவு மாவு சிந்தியிருக்கும் என்று சொல்வது மாதிரிதான். மீசைக் கணக்கு ரொம்பவும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் இரண்டு மீசைகளைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். பம்பால் காற்றை இழுத்து, ஃபில்டர் தாளில் தூசியைப் பிடித்து, நேரத்துக்கு நேரம் அளவைப் பதிவு செய்யும் கருவி கரையில் ஒன்று, வங்காள விரிகுடாவில் நிற்கும் கப்பலில் இன்னொன்று. ஆனி மாதத்து மேல்காற்று கரைக் கருவியைத் தாண்டிப் போய் மறுநாள் கப்பலை அடையும். கரையில் இருந்த தூசியில் கப்பலுக்கு வந்து சேராதது எவ்வளவு என்று பார்த்து, வழியில் காற்றோடு கலைந்து பரவியதைக் கழித்தால், மிச்சம் கடலுக்குள் போனது.

கரைக் கருவியைச் சென்னையில் வைத்தால் கட்டட வேலைத் தூசியும் லாரிப் புகையும்தான் கிடைக்கும். அதனால் மேற்கே தள்ளி இடம் தேடினோம். காற்று வரும் பக்கம் வெறும் வயலாக இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும், கருவியை யாரும் கழற்றிக்கொண்டு போகக் கூடாது. இத்தனையும் பொருந்திய இடம் திருத்தணியின் மேற்கு ஓரத்தில் கடைசித் தெருவின் கடைசி வீடு. என் அக்காவின் வீடு. மொட்டை மாடியில் நின்றால் முதுகுக்குப் பின்னால் மலைக்கோயில், முகத்துக்கு நேரே ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வயல்கள். நான் வேலை பார்த்த நிலையங்களிலேயே கேட்ட நேரத்தில் காபி கிடைத்தது அங்கேதான்.

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறார். காலையில் பைக்கில் போய், சாயங்காலம் சட்டையெல்லாம் நூல் பிசிறோடு திரும்புவார். எங்கள் கருவி மாடிக்கு வந்த நாளிலிருந்து ஊரில் தன் மரியாதை கூடிவிட்டதாக அவர் நம்பினார். "ஆந்திரா மண்ணு பர்மிட் இல்லாம கடலுக்குப் போய்கினு கீது. நம்ம மாடில வச்சுத்தான் புடிக்கறாங்க" என்று டீக்கடையில் சொல்லி வைத்தார். மணல் கடத்தல் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் படியேறி வந்து, கருவியைச் சுற்றிப் பார்த்து, லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஹேமாவுக்கு நகரியில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் தறிக் குடும்பம்தான். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எதையும் பேச முடியாது என்பதால் ஆனி முடிவதற்குள் நிச்சயம் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் கப்பல் ஆனித் தொடக்கத்திலேயே கிளம்பியிருக்க வேண்டும். இஞ்சினில் ஏதோ பழுது, புறப்பாடு தள்ளிக்கொண்டே போய், நிச்சயதார்த்த வாரத்தில் வந்து நின்றது. அதை விட்டால் அந்த வருடம் எங்களுக்குக் கப்பல் கிடையாது. வேறு குழுவுக்குப் போய்விடும்.

கப்பலில் போனவர் அன்வர். ஆய்வுப் பட்டத்துக்கு இந்தப் பயணத்தின் முடிவைத்தான் நம்பியிருந்தார். பல வருடமாகக் காத்திருந்த பயணம். ஆனால் கடல் அவருக்கு ஆகாது. துறைமுகத்திலேயே முகம் வெளுத்துவிடும். அலையில் குமட்டிக்கொண்டே ஃபில்டர் மாற்றுகிற ஆள். நான் பெட்டியோடு திருத்தணிக்கு வந்து இறங்கினேன்.

வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, நிச்சயத்துக்கு வந்தியா, தூசிக்கு வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்க்கா."

பெட்டியைத் திறந்து பார்த்தாள். "பொண்ணுக்குப் பொடவ எடுத்துகினு வருவன்னு பாத்தா, பெட்டி நெறய வெள்ளப் பேப்பரா எடுத்துகினு வந்துகீற."

புடவையும் இருந்தது, அடியில். அதைக் காட்டிச் சமாதானம் செய்துவிட்டு என் நிபந்தனைகளைச் சொன்னேன். இந்த வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. தெருவைப் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளிக்கலாம். மாடியில் பந்தல் கூடாது. விறகடுப்பு கூடாது.

"கோலமாவது போடலாமா, அதுவும் கூடாதா?"

நான் மாடியை அண்ணாந்து பார்த்ததுமே அக்காவுக்குக் கண் சிவந்துவிட்டது. கோலப்பொடி என்பது கல்லை அரைத்த பொடி. மேற்குப் பார்த்த வாசலில் மேல்காற்று அடிக்கும்போது தூவினால் நேரே மாடிக்கு ஏறும். ஃபில்டரில் படிந்துவிட்டால், அதில் எது காற்றோடு வந்த மண், எது எங்கள் வாசல் என்று பிரிப்பது லேசில்லை. கடைசியில் அரிசி மாவைக் கரைத்து ஈரக்கோலம் போடுவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. சுண்ணாம்புக்காரரைத் திருப்பி அனுப்பும் வேலையைப் பாவா சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பைக்கில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். "மெதுவா போப்பா. கடலுக்குக் கணக்கு எடுத்துகினு கீறாங்க."

முதலில் வந்தது ஒரு சுமாரான தூசி நாள். கருவி தடங்கல் இல்லாமல் ஓடியது. மறுநாள் அதே காற்று கப்பலுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்வர் கப்பலின் சாட்டிலைட் ஃபோனில், "ரொம்பச் சப்புன்னு இருக்கு மேடம். இதுக்கா இவ்ளோ வாந்தி எடுத்தேன்?" என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று விடிந்தபோது மேற்கு வானம் தேய்க்காத செப்புக் குடம் மாதிரி இருந்தது. நான் மாடிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மலைக்கோயிலைக் காணோம். கீழே தெருவில் போனவர்கள் மலை இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். இத்தனை வருடப் பணியில் அப்படி ஒரு தூசியைக் கரையில் நான் பார்த்ததில்லை. புது ஃபில்டரைப் போட்டு பம்பை ஓட விட்டு, அன்வருக்குச் செய்தி அனுப்பினேன்: "வருகிறது. தயாராக இருங்கள்." அவர் பதிலுக்கு ஆச்சரியக்குறிகளை மட்டும் வரிசையாக அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வரை பம்ப் நிற்கக் கூடாது. தூசி எப்போது ஏறியது, எப்போது உச்சிக்குப் போனது, எப்போது இறங்கியது என்று முழுசாகத் தெரிந்தால்தான் மறுநாள் கப்பலில் கிடைப்பதோடு ஒப்பிட முடியும்.

கீழே அக்கா நேரத்திலேயே எழுந்து, வாசல் நிறைய ஈரக்கோலம் போட்டிருந்தாள். அது காய்ந்து வெளுப்பதற்குள் மண் இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கோலம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு விரிப்பு மட்டும் இருந்தது. தூசி விழும் வேகத்தை வைத்துத்தான் எங்கள் கணக்கே ஓடுகிறது, அந்த வேகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. இங்கே கோலத்தின் மேலேயே விழுந்து கிடக்கிறது! சுரண்டி எடுத்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "கைய வச்ச, தெரியும் சேதி."

நான் மறுபடி மாடிக்குப் போய்விட்டேன். நடந்ததை அங்கிருந்துதான் பார்த்தேன்.

தெருவில் ஷாமியானா. அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். தூசிக்குப் பயந்து சொந்தக்காரர்கள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். ஆண்கள் எல்லாரும் துண்டால் வாயை மூடியிருந்தார்கள். யாரும் நடந்து புழுதி கிளப்பக் கூடாது என்று பாவா போட்ட உத்தரவால் ஒருத்தரும் அசையவில்லை. நாதஸ்வரக்காரர்கள் வாயில் மண் போகிறதென்று வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கோலம் இல்லை.

நகரியிலிருந்து இரண்டு வேன்கள் தெருமுனைக்கு வந்தன. நின்றன. முதல் வேனின் ஜன்னலிலிருந்து ஓர் அம்மா தலையை நீட்டிப் பார்த்தார். தலை உள்ளே போயிற்று. பிறகு இரண்டு வேன்களும் பின்பக்கமாகவே நகர்ந்து, திரும்பி, போய்விட்டன.

சாவு வீடு என்று நினைத்துவிட்டார்கள்.

பாவாவின் ஃபோன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பேசியது தெருவுக்கே கேட்டது.

"ஏங்க, இப்படி ஒண்ணு நடந்துகீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க. தாம்பூலத் தட்டோட வந்துட்டோமே. யாருங்க போனது?"

"யாரும் போலீங்க! வந்துகினுதான் கீது!"

"யாரு வராங்க?"

"தூசிங்க!"

லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. நல்ல நேரம் முடிய அதிக நேரம் இல்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பி வழியில் சாவைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் மறுபடி அந்த வீட்டுக்கு வருவார்களா என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹேமா பாதி பின்னின ஜடையோடு மாடிக்கு வந்தாள். பட்டுப்புடவைக் கரையெல்லாம் மண். நான் பம்ப் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

"சித்தி, ஆஃப் பண்ணாதீங்க. அன்வர் சார் பாவம், இதுக்குத்தானே அவ்ளோ கஷ்டப்பட்டாரு. அவங்க போனா போவட்டும்."

"நிஜமா சொல்றியா?"

மீதி ஜடையைப் பின்னப் பார்த்து, விட்டுவிட்டாள். "இல்ல" என்றாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

இந்த இடத்தில் என் மனம் என்ன சொல்லிற்று என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனமும் ஒரு நாள் அதையேதான் சொல்லும். பம்ப் பாட்டுக்கு ஓடட்டும். கீழே கோலம் போடட்டும், பெருக்கட்டும், கற்பூரம் ஏற்றட்டும், வேன் வந்து புழுதி கிளப்பட்டும். அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து அதையெல்லாம் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கழிப்பது? எனக்கு எந்த எண் வேண்டுமோ அது வரும்வரை கழிப்பேன். அதற்குப் பிறகு அந்த ஃபில்டரில் காற்று எவ்வளவு, என் ஆசை எவ்வளவு என்று எனக்கே தெரியாது. ஓட விடுவதானால் வாசலில் கோலம் கூடாது. கோலம் வேண்டுமானால் பம்ப் ஓடக் கூடாது. நடுவில் வேறு வழி இல்லை.

நான் பம்பை நிறுத்தினேன். இத்தனை நாள் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்த மாடி சட்டென்று அமைதியானது. ஃபில்டரைக் கழற்றி உறையில் போட்டு மூடி, கருவி மேல் ஒரு பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். கீழே இறங்கி, "அக்கா, எழுந்திரு. பொடி எடுத்துக் கோலம் போடு. தெரு முழுக்கப் போடு" என்றேன். பாவாவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வேன்கள் நகரி ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்தன. மாப்பிள்ளையின் அம்மா முன் சீட்டில், மடியில் பழத்தட்டை வைத்து, அதன் மேல் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் பாதி இறக்கினார்.

"உங்க வூட்ல ஒண்ணும் இல்லன்னா, துண்ட வாயில வச்சுகினு ஏங்க நிக்கறாங்க?"

"தூசிக்குங்க" என்றார் பாவா. "சாவு வூட்லேர்ந்து இப்படிச் சிரிச்சுகினு வருவனாங்க?"

அவர் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. பாவாவின் முகம் உண்மையிலேயே சாவு வீட்டிலிருந்து வந்த முகமாகத்தான் இருந்தது.

"வாசல்ல கோலம் எங்க?"

"போட்டோம்ங்க. மண்ணு மூடிடுச்சு."

"வேற போடறது?"

பாவா என்னைக் கைகாட்டினார். "இவங்கதாங்க போட உடல."

இரண்டு வேனில் இருந்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ நிபுணர் குழுக்களின் முன் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு குழுவை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மண், இரும்பு, பாசி, மீன் என்று எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி முடித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மண்ணு மொதல்ல எங்க மேலதாம்மா வந்துச்சு. நகரிலேர்ந்து கண்ணாடிய ஏத்திகினு வந்தோம். அது கடல்ல போயி விழற வரைக்கும் பாப்பீங்களா?"

"ஆமாங்க. கடல்ல அதுக்குன்னு ஒரு கப்பல் நிக்குது."

"கப்பலா?" முதல் தடவையாக அவர் முகம் மாறியது. "பொண்ணு வூட்டுக் கப்பலா?"

"எங்க ஆபீஸ் கப்பலுங்க."

"நம்ம கப்பல் மாதிரிதாங்க" என்றார் பாவா.

"இப்ப அந்த மிஷினு ஓடிகினு கீதா?"

"இல்லீங்க. நிறுத்திட்டேன்."

"ஏன்? முக்கியம்னு சொல்றீங்களே."

"நீங்க வரணும்னுதாங்க. அது ஓடினா கோலம் போட முடியாது."

அவர் பழத்தட்டின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு பின்சீட்டில், எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருந்த மகனைக் கூப்பிட்டார். "நைனா, டிரைவர வண்டிய திருப்பச் சொல்லு." கண்ணாடியை ஏற்றப் போனவர் மறுபடி இறக்கினார். "காவி வச்சு, பெருசா போட்டிருக்கணும். சொல்லிட்டேன்."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் அக்காவோடு குனிந்துவிட்டார்கள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கோலம். காற்றில் கோலப்பொடி வெள்ளைப் புகையாக மாடிப் பக்கம் ஏறியது. நான் அதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். நாதஸ்வரம் இருமி இருமித் தொடங்கியது. நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றியாயிற்று.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலுக்கு நடுவே அன்வரின் குரல் உற்சாகமாக இருந்தது. "மேடம், எப்படிப் போகுது? உச்சி வந்துருச்சா?"

"அன்வர், நான் பம்பை நிறுத்திட்டேன்."

"என்ன மேடம்? கேக்கல."

"நிறுத்திட்டேன். கோலம்."

"கோளாறா? மோட்டார்ல கோளாறா?"

"கோளாறு இல்ல. கோலம்! வாசல்ல போடற கோலம்!"

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"நிச்சயம் ஆயிடுச்சா மேடம்?"

"ஆயிடுச்சு."

"அப்ப சரி" என்றார். அந்தச் 'சரி'யில் சரி எதுவும் இல்லை. இலையில் எனக்குப் பரிமாறியிருந்த பாயசம் ஆறி ஏடு கட்டிவிட்டது.

சாயங்காலம் அக்காவே கோலத்தை ஈரத்துணியால் துடைத்தாள். தெருவைத் தண்ணீரால் நனைத்து, எல்லாம் அடங்கிய பிறகு பம்பை மறுபடி போட்டேன். அதற்குள் மலைக்கோயில் திரும்பத் தெரிய ஆரம்பித்திருந்தது. மறுநாள் அந்தத் தூசி கப்பலை அடைந்தது. அன்வர் தன் ஃபில்டரைப் படமெடுத்து அனுப்பினார். காபி வடிகட்டின துணி மாதிரி பழுப்பு. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் எங்கள் பிரிவுத் தலைவர் இருவரையும் கூப்பிட்டார். அறிக்கை மறுநாள் போக வேண்டும். திரையில் திருத்தணிக் கோடு காலையில் செங்குத்தாக ஏறியது, நடுவில் இல்லாமல் போயிற்று, சாயங்காலம் கீழே தொடங்கியது.

"இதுல என்னம்மா பிரச்சினை? இங்க ஏறுது, அங்க இறங்குது. நடுவுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. எல்லாரும் செய்யறதுதானே?"

"நடுவுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது சார்."

"தெரியாததுக்குத்தானே கணக்கு?" அவர் என்னை விட்டுவிட்டு அன்வர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க பட்டம் இதுலதான் தொங்குது. கோடு போடலாமா, வேணாமா?"

அன்வர் திரையையே பார்த்தார். என்மேல் கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அந்த ஒரு கோடு அவருக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் எனக்காகப் பேசியதாகிவிடும்.

"அந்தக் கோட்டுக்கு மேல போயிருக்கலாம் சார்" என்றார் கடைசியில். "கீழேயும் போயிருக்கலாம். நான் போடற கோடு அழகா இருக்கும். அதான் பயமா இருக்கு."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு பேரும் பேசி வச்சிட்டா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். அன்வர் சப்பென்று இருக்கிறது என்று சொன்ன அந்தச் சுமாரான நாளை எடுத்துக்கொண்டோம். அன்று கரையிலும் கப்பலிலும் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகவில்லை. கரையிலிருந்து கப்பலுக்குப் போவதற்குள் தூசியில் எந்த அளவு பங்கு கடலில் இறங்குகிறது என்று அதிலிருந்து கிடைத்தது. பெரிய நாளுக்கு, விட்டுப்போன நேரத்தில் தூசி மிகக் குறைவாக இருந்திருந்தால் இவ்வளவு, மிக அதிகமாக இருந்திருந்தால் அவ்வளவு என்று இரண்டு எல்லைகளை மட்டும் எழுதினோம். அவற்றுக்கு நடுவே ஒரு வேன் அல்ல, இரண்டு வேன்களையும் நிறுத்தலாம். தலைவர் படித்துவிட்டு, "இது அறிக்கையா, கல்யாண சமையல்காரர் சொல்ற ஆள் கணக்கா?" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரையாக அனுப்பியபோது, அளவீடு ஏன் நின்றது என்று வெளிநாட்டிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் கேட்டார். காற்று வரும் திசையில் குடும்ப நிகழ்ச்சி, வாசலில் கற்பொடியால் கோலமிட வேண்டியிருந்தது என்று உள்ளபடி எழுதினோம். அவர் மறுபடி எழுதி, கோலம் என்றால் என்ன என்று படத்தோடு விளக்கும்படி கேட்டார். அக்கா போட்ட கோலத்தின் படத்தை அனுப்பினோம். அன்வருக்குப் பட்டம் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தாமதத்தை நான் லேசாகச் சொல்லிவிட மாட்டேன். அவர் அதற்குள் இன்னொரு தடவை கடலுக்குப் போக வேண்டியிருந்தது, கடல் அவருக்கு இன்னும் ஆகவில்லை.

அந்த இடைவெளியில் எவ்வளவு தூசி போயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி நாட்கள் வரும். வானமே செப்புக் குடமாக மாறுகிற நாளில்தான் ஏதாவது ஒன்று நின்றுபோகும். நின்றால் நின்றது என்று எழுதுங்கள். யாரும் கவனிக்காத ஒரு சப்பை நாளை ஒழுங்காக முடித்து வைத்திருந்தீர்களானால் அது உங்களைக் காப்பாற்றும்.

தை மாதம் ஹேமாவின் கல்யாணம். அன்வரும் வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பந்தியில் அவரைத் தேடிப் பிடித்து எதிரே வந்து நின்றார்.

"நீதானா நைனா, கப்பல்ல நின்ன பையன்?"

"ஆமாங்கம்மா."

"எங்க ஊரு மண்ணு வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சுங்க."

"எவ்ளோ விழுந்துச்சு?"

அன்வர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுக் கையைக் காற்றில் நிறுத்தி, இடது கையை அதற்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "கொறஞ்சா இவ்ளோங்க." கையை இன்னும் விலக்கினார். "கூடுனா இவ்ளோ."

"நடுவுல?"

"நடுவுல தெரியலீங்கம்மா. மிஷின் நின்னுபோச்சு."

அந்த அம்மா இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்த இடத்தைக் கவனமாகப் பார்த்தார். "அப்ப அடுத்த தடவ கெளம்புனா நான் நகரிலேர்ந்தே ஃபோன் பண்றேன். எங்களுக்கு வந்துட்டுத்தானே உங்களுக்கு வருது?" என்றார். அன்வரின் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போனார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஆனியில் ஒரு காலை, சென்னையில் நான் காபி கலந்துகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "வசந்தாம்மா, கெளம்பிடுச்சு. எதிர் வூடு தெரியல" என்றார். அன்வர் அப்போது கடலில் இருந்தார். நான் அவசரமாகப் பாவாவுக்கு அடித்து, பம்பைப் போடச் சொன்னேன்.

"சம்பந்தியம்மா உனக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிட்டாங்க" என்றார் பாவா. "ஆங், ஓடிகினு கீது, கேளு" என்று ஃபோனை மாடிக்குக் கொண்டுபோய்க் கருவியின் பக்கத்தில் பிடித்தார்.